பிள்ளைகள் வந்திருந்த நாலு வாரம்

 

"என்ன டீச்சர், இந்த வருஷம் பொங்கல் போட்டோ ஒன்னையும் காணோம்?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். போட்டோ எடுக்கக் கை ஒழியவில்லை. பிள்ளைகள் முகத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்பது மருமகளின் கொள்கை. நல்ல கொள்கைதான். அதனால் பேரும் எழுதவில்லை. பெரியவனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. சின்னவளுக்கு இரண்டேகால். அது போதும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியற்காலை நீலகிரி எக்ஸ்பிரஸில் கோவையில் வந்து இறங்கினார்கள். பொங்கல் எல்லாம் முடிந்துதான் சென்னைக்குத் திரும்பினார்கள். மகன் நடுவில் பாதி நாள் மாடி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்த்தான். பெரியவனுக்குப் பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பத்து நாள் லீவு. யு.கே.ஜி.க்குப் பத்து நாள் போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது என்று ரிடையர்டு டீச்சர் நானே சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு நாள் இருந்ததற்குக் காரணம் சின்னவள். ஐப்பசி மழையில் அவளுக்குச் சளி பிடித்து இழுப்பு வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். சென்னையில் போகிப் புகை எப்படி இருக்கும் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து விமானமே இறங்க முடியாமல் திருப்பி விட்டார்கள். அந்தப் புகையில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். நம்ம பக்கம் போகி என்றால் எரிப்பதைவிடக் கட்டுவதுதானே? வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில், வண்டியில், மாட்டுக் கட்டுத்தறியில், தோட்டத்தில் செருகுவோம். காப்புக் கட்டுக்குப் புகை கிடையாது. சின்னவளுக்கு ஏற்ற பண்டிகை.

கிறிஸ்துமஸ் அன்று என்னோடு வேலை பார்த்த டீச்சர் வீட்டில் சாப்பாடு. முப்பது வருஷமாக நடக்கிற ஏற்பாடு. அவர்கள் பொங்கலுக்கு இங்கே வருவார்கள். அங்கே குடில் வைத்திருந்ததில் ஒரு பொம்மை ஆட்டைச் சின்னவள் எடுத்து வாயில் வைத்துவிட்டாள். "மேய்ப்பன் இருக்கிறப்பவே ஆட்டைக் காணோம்" என்று டீச்சர் வீட்டுக்காரர் சிரித்தார். புது வருஷத்தன்று வாசலில் பெரிய கோலம் போட்டோம். பெரியவன் வெள்ளைக் கோலமாவைத் தரையெங்கும் தூவி, இதுதான் பனி என்றான். அங்கிருந்துதான் ஊட்டிப் பேச்சு வந்தது.

கார்ட்டூனில் பார்த்ததால் அவனுக்குப் பனி என்றால் வெள்ளையாகக் கொட்ட வேண்டும், அதில் மனுஷப் பொம்மை செய்ய வேண்டும். நாம் புல் நுனியில் இருக்கிற துளியையும் பனி என்கிறோம், மார்கழி விடியலில் ரோட்டை மறைப்பதையும் பனி என்கிறோம், இமயமலையில் இருப்பதும் பனிதான். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் சமாளித்துவிடுகிறோம். ஐந்து வயசுக்காரன் சமாளிப்பானா? "ஆத்தா, உங்க ஊர்ல பனி எங்க இருக்கு?" என்று தினமும் கேட்டான். மேட்டுப்பாளையம் ரோட்டிலேயே குடியிருந்துகொண்டு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

போகலாம் என்று பேச்செடுத்த அன்றைக்கே போன் வர ஆரம்பித்துவிட்டது. "இழுப்பு வந்த புள்ளைய மார்கழிக் குளுருல மலைக்குக் கூட்டிட்டுப் போறாளா உங்க மருமக? நீங்க சொல்ல மாட்டீங்களா?" கவனியுங்கள், போகலாம் என்று சொன்னது என் மகன். ரூம் பார்த்தது மகன். கார் ஓட்டப் போவதும் மகன். கேள்வி மட்டும் மருமகளுக்கு.

அவள் அதற்குள் என்ன செய்திருந்தாள் என்று போன் பண்ணினவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் டாக்டரிடம் கேட்டிருந்தாள். அவர் போகக் கூடாது என்று சொல்லவில்லை. குளிர்காற்று நேராக மூக்கில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், புகைப் பக்கம் போகாதீர்கள், மருந்தை விடாதீர்கள், இரண்டு மணி நேரத்தில் கீழே இறங்கி வரக்கூடிய இடமாகப் பாருங்கள் என்று சொல்லி, இழுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். எவ்வளவு மருந்து, எத்தனை நிமிஷம் கழித்து மறுபடி, எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அந்தத் தாளை அவள் நாலு நகல் எடுத்து ஒன்றை என் கையில் கொடுத்தாள். முப்பத்து மூன்று வருஷம் அறிவியல் பாடம் எடுத்த எனக்கே அந்த ஒழுங்கு பிடித்துப்போனது.

ஊட்டியில் தங்காமல் குன்னூரில் தங்கினோம். அதிலும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். எட்டாம் வகுப்பில் நான் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கோவை 411 மீட்டர். ஊட்டி சுமார் 2,240. ஆக, இங்கே இருப்பதைவிடப் பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதல். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டரில் இருப்பதால் இரண்டு, மூன்று டிகிரி மிச்சமாகும். இரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த மூன்று டிகிரி பெரிது.

இ-பாஸ் எடுத்தாயிற்று. 2024 மே மாதம் ஹைகோர்ட் உத்தரவில் வந்த ஏற்பாடு அது, இன்னும் தெரியாமல் கல்லாறு வரை வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மேலே போகக் கூடாது. எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு போசியில் அரிசிம்பருப்பு சாதம், இன்னொன்றில் வெறும் இட்லி. மலை ஏறும்போது காது அடைக்குமே, அதற்குச் சின்னவளுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே வந்தாள் அவள் அம்மா. விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரியவன் பர்லியாறு தாண்டியதும் வாந்தி எடுத்தான். அதற்கும் மாற்றுச் சட்டை தயாராக இருந்தது.

ரூமில் ராத்திரி கேம்ப் ஃபயர் போடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பக்கத்து ரூம்காரர்கள் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மகன், பெரியவன், நான் மூவரும் தலைக்குந்தாவுக்குக் கிளம்பினோம். மருமகளையும் சின்னவளையும் எழுப்பவில்லை. "நீயும் பார்க்கலாமே கண்ணு" என்று முந்தின ராத்திரி கேட்டேன். "அத்தை, எனக்குத் தூக்கம்தான் வேணும். பனிய நீங்களே பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். ஐந்து வருஷத்தில் அவள் எனக்கென்று கேட்ட முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

தலைக்குந்தாவில் புல்வெளி முழுக்க வெள்ளை. மேகம் இல்லாத, காற்று இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாக இருப்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இல்லாத உறைபனி பள்ளத்தில் இருக்கிறது. காரில் இருந்த மானி மூன்று டிகிரி என்றுதான் காட்டியது. "மூன்று டிகிரில எப்படிம்மா உறையும்?" என்று இன்ஜினியர் மகன் கேட்டான். காற்று மூன்று டிகிரி, புல் பூஜ்யத்துக்கும் கீழே. தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

பெரியவன் இறங்கினான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆத்தா, இது புல்லுல உப்புப் போட்டிருக்காங்க."

மனுஷப் பொம்மை செய்ய முடியாத பனி அவனுக்குப் பனியே இல்லை. முகம் விழுந்துவிட்டது. காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னேன். நறநறவென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், அரை மணி நேரம் புல்லை மிதித்தபடியே இருந்தான். திரும்பும் வழியில் ரோட்டோரம் தேயிலைச் செடிகள் சில கருகி நின்றன. "யாரு தீ வச்சாங்க?" என்றான். பனிதான் கருக்கியது, இலைக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து போனால் இலை செத்துவிடும் என்று சொன்னதை அவன் நம்பவில்லை. குளிர் எப்படி எரிக்கும் என்று கேட்டான். நல்ல கேள்வி. என் சர்வீஸில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்கள் இரண்டு பேர். இருவரும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

டிபன் டப்பாவில் அம்மாவுக்கென்று உறைபனியைச் சுரண்டிப் போட்டு எடுத்துவந்தான். குன்னூர் வருவதற்குள் நாலு சொட்டுத் தண்ணீரும் புல்லும்தான் மிச்சம். மருமகள் அப்போதுதான் எழுந்திருந்தாள். எட்டே முக்கால் மணி! முகம் தெளிந்து வேறு ஆள் மாதிரி இருந்தாள். டப்பாவை வாங்கி அந்தத் தண்ணீரில் விரலை வைத்து, "ஆமாடா, ரொம்பக் குளுருது" என்றாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மலை ரயிலில் ஏறவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் இரண்டு வயசுப் பிள்ளையைச் சின்னப் பெட்டியில் உட்கார வைக்கிறவர்களுக்கு என் வணக்கம். அதற்குப் பதிலாகக் குன்னூர் ஸ்டேஷனில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, கீழிருந்து வந்த நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவதைப் பார்த்தோம். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் நடுவில் பல் தண்டவாளம். அங்கே பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம், எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். 1899-லிருந்து குன்னூர் வரை அப்படித்தான் ஏறி வருகிறது. சின்னவள் எஞ்சின் ஊதினதும் அழுதாள். அப்புறம் கையை ஆட்டி இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். இதுவே ஒரு மணி நேரம் ஓடியது.

அன்று ராத்திரி ஒன்றரை மணிக்கு இருமல் ஆரம்பித்தது.

பக்கத்து அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்டது. எழுந்து போனேன். மருமகள் பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்திருந்தாள். அழவில்லை, பதறவில்லை. ஸ்பேசர் குழாயை முகத்தில் பொருத்தித் தாளில் இருந்தபடி மருந்து கொடுத்தாள். "அத்தை, வாட்ச் பாருங்க. ஒரு நிமிஷம் முழுசா" என்றாள். அவள் சட்டையைத் தூக்கிப் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினாள், நான் முள்ளைப் பார்த்தேன். நாற்பத்து நாலு. ஒன்றிலிருந்து ஐந்து வயசுப் பிள்ளைக்கு நிமிஷத்துக்கு நாற்பதும் அதற்கு மேலும் போனால் வேக மூச்சு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாள். விழவில்லை. மகன் அதற்குள் ஷூ போட்டு, சாவியைக் கையில் எடுத்து, காரைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்திருந்தான். லாலி அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த வழி என்று பகலிலேயே பார்த்து வைத்திருந்தார்கள்.

தாளில் சொன்ன நேரம் கழித்து மறுபடி மருந்து, மறுபடி எண்ணிக்கை. முப்பத்தெட்டு. இன்னும் அரை மணி நேரத்தில் முப்பத்திரண்டு. பிள்ளை அம்மா தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். மணி மூன்று இருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை. மகன் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் தூங்கினான். மருமகள் தூங்கவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு ஆறு எண்கள் எழுதியிருந்தன.

மூன்றாம் நாள் தொட்டபெட்டா போவதாக இருந்தது. அதைப் பற்றிய பேச்சே எழவில்லை. டாக்டரைப் போனில் கேட்டுவிட்டுப் பத்து மணிக்கு மலை இறங்கினோம். நேராக அவரிடம் காட்டினோம். சாதாரணச் சளி, பெரியவனுக்கும் மூக்கு ஒழுகுகிறது பாருங்கள், இந்த வயசில் இழுப்பைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் சளிக் கிருமிதான், வீட்டுக்கு இருமலோடு யாராவது வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள். புது வருஷத்தன்று வந்து இரண்டு பிள்ளைகளையும் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். யார் என்று நான் எழுதப் போவதில்லை.

பொங்கலன்று ஒரம்பரை இருபத்திரண்டு பேர். வாசலில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு. நான் விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தேன், காற்று கிழக்கேயிருந்து வந்தது. சின்னவளை மேற்கே விட முடியாது, மாடியில் கிழக்கு மூலையில் மருமகள் வைத்துக்கொண்டாள். அடுப்பை மகன் பற்ற வைத்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பிள்ளைகள் வந்த நாளிலிருந்தே நிறுத்தியிருந்தேன். அதுவும் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது.

"மருமக மாடியில, மகன் அடுப்படியில. மலைக்குக் கூட்டிட்டுப் போயிப் புள்ளைக்கு நோவ வரவச்சு, இப்பப் பொங்கப் பானைய வைக்கவும் வரமாட்டாளா?"

மாடிக்குக் கேட்கும்படிதான் சொன்னார்கள். அவள் எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்: "ஏனுங், நீங்க போய்ப் புள்ளைய ஒரு மணி நேரம் வச்சுக்குங்க. அவ கீழ வந்து பானை வைப்பா. மூச்சு எண்ணத் தெரியுமில்லீங்?" வாட்சைக் கழற்றி நீட்டினேன். அவர்களுக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்துவிட்டது.

பால் பொங்கி வரும்போது என் கொழுந்தனார் மகள், பிளஸ் டூ படிக்கிறவள், தானாக மாடிக்குப் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மருமகள் ஓடி வந்து முதல் கைப்பிடி அரிசியைப் போட்டாள். அப்புறம் அவளுக்கு இலை போட்டு உட்கார வைத்தேன். அன்று காலை நாலரையிலிருந்து அவள் எத்தனை தடவை சாப்பிட உட்கார்ந்து எழுந்தாள் என்று எண்ணியிருந்தேன். மூன்று தடவை. நாலாவது தடவை முழுசாகச் சாப்பிட்டாள். கேட்காமல் மாடியேறிய அந்தப் பெண்ணுக்கு என் பழைய பார்க்கர் பேனாவைக் கொடுத்திருக்கிறேன், அவள் அம்மா இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மாட்டுப் பொங்கல் பொழுதோட எங்கள் பங்காளி தோட்டத்துப் பட்டியில். எங்களுக்கு இப்போது மாடு இல்லை. சாணியில் கரை கட்டித் தெப்பக்குளம் செய்து, தண்ணீர் விட்டு, ஆவாரம்பூ போட்டு வைத்திருந்தார்கள். கன்றுக்குட்டியை அதைத் தாண்ட விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கன்று தாண்டவில்லை. குளத்துக்குள்ளேயே நின்று தண்ணீரைக் குடித்துவிட்டது. சின்னவள் அப்பா தோளிலிருந்து சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிடுமோ என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். வரவில்லை. பெரியவன் கேட்காமல் போய்க் குளத்துக் கரையில் காலை வைத்து, "ஆத்தா, இது சூடா இருக்கு!" என்று கத்தினான்.

பூப்பறிக்கும் நோன்பன்று என் கூட்டாளிகள் நாலு பேர் வாசலில் கும்மி அடித்தோம். முன்பெல்லாம் ஊர்ப் பெண்கள் முழுக்கக் குளத்துக்குப் பூவோடு போவோம். இப்போது வாசல்தான் குளம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மருமகள் அந்தத் தாளின் நகல் ஒன்றை என் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த தடவைக்கு. பின்பக்கத்தில் அந்த ஆறு எண்களும் இருக்கின்றன.

என் மாணவர்களில் கைக்குழந்தை வைத்திருக்கிற நிறையப் பேர் பிப்ரவரி வரைக்கும் ஊட்டிக்குப் போவீர்கள். எப்படியும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முந்தின நாளே போன் பண்ணிவிடுங்கள், காலை ஆறு மணிக்கு இட்லி தயாராக இருக்கும், சாம்பிராணி போட மாட்டேன். பிள்ளையை நான் வைத்துக்கொள்கிறேன். அம்மாக்காரி முதலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அது மட்டும்தான் இந்த வீட்டு விதி. சளி, இருமல் இருக்கிறவர்கள் வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.